2023-ல் யாங்கீஸ் பேட்டிங் ஏன் படுத்தது? ஜட்ஜின் கால் விரல் மட்டும்தான் காரணமா?

கேள்வி இதுதான்: 2023 சீசனில் அமெரிக்க பேஸ்பால் அணியான நியூயார்க் யாங்கீஸ் ஜூன் தொடக்கம் வரை நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தது. அதன் நட்சத்திர பேட்டர் ஆரன் ஜட்ஜ் காயம்பட்டு வெளியே போனதும் பேட்டிங் அப்படியே படுத்துவிட்டது. ஒரே ஒருவர் இல்லாததால் இவ்வளவு பெரிய அணி சரியுமா, இல்லை வேறு காரணங்களும் இருந்தனவா?

வேறு காரணங்கள் இருந்தன, அதுவும் ஓராண்டுக்கு முன்பே. ஜட்ஜின் காயம் அவற்றை எல்லோர் கண்ணுக்கும் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நடு சீசனில் ஒரு அணியின் பேட்டிங் விழுவதற்கு என்னென்ன காரணங்கள் இருக்க முடியுமோ, அவற்றில் பெரும்பாலானவை அந்த ஒரே அணியில் அந்த ஒரே கோடையில் சேர்ந்து வந்தன.

முதலில் நடந்ததைப் பார்த்துவிடுவோம். 2023 ஜூன் 3, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியம். எட்டாவது இன்னிங்ஸில் ஜே.டி. மார்டினெஸ் தூக்கி அடித்த பந்தை ஜட்ஜ் ஓடிப்போய்ப் பிடித்தார். பிடித்த வேகத்தில் வலது எல்லையில் இருந்த புல்பென் (மாற்றுப் பந்துவீச்சாளர்கள் காத்திருக்கும் இடம்) கதவைத் திறந்துகொண்டே உள்ளே போய்விட்டார். வேலிக்கு அடியில் இருந்த சிமென்ட் விளிம்பில் வலது கால் பெருவிரல் மோதியது. தசைநார் கிழிந்துவிட்டது. அன்றைய ஆட்டத்தில் யாங்கீஸ் 6-3 என்று ஜெயித்தது. அதோடு அணியின் கணக்கு 35 வெற்றி, 25 தோல்வி. ஜட்ஜ் அதுவரை ஆடிய 49 ஆட்டங்களில் 19 ஹோம் ரன் (பந்தை வேலி தாண்டி அடித்து, அடித்தவரும் ஏற்கெனவே ஓடக் காத்திருப்பவர்களும் ரன் எடுப்பது), சராசரி .291 (இதன் பொருள் கீழே வரும்). அவர் வலது கை பேட்டர். பின்னால் ஊன்றும் கால்தான் வலது கால். முழு சக்தியும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அதனால் கையிலோ தோளிலோ படாமல் விரலில் பட்டது என்று யாரும் ஆறுதல் அடைய வழியில்லை.

அவர் திரும்பி வந்தது ஜூலை 28. இடையில் 42 ஆட்டங்கள். அவற்றில் யாங்கீஸ் 19 ஜெயித்து 23 தோற்றது. இதுவரை பார்த்தால் கேள்வி கேட்டவர் சொல்வது சரியாகவே தெரியும்: ஜட்ஜ் இருந்தால் வெற்றி, இல்லாவிட்டால் தோல்வி.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஜட்ஜ் வந்த பிறகு 60 ஆட்டங்கள் மிச்சம் இருந்தன. அவற்றில் 57-ல் அவர் ஆடினார், 18 ஹோம் ரன் அடித்தார். அந்த 60-ல் அணி ஜெயித்தது 28, தோற்றது 32. ஆகஸ்டில் தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றார்கள். 1982-க்குப் பிறகு யாங்கீஸுக்கு அப்படி ஒரு தொடர் தோல்வி வந்ததே இல்லை. அப்போது ஜட்ஜ் அணியில்தான் இருந்தார். கடைசியில் ஆகஸ்ட் 23 அன்று அவரே ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்து, 9-1 என்று வாஷிங்டனை வென்று அந்தத் தொடரை முடித்துவைத்தார். சீசன் முடிவில் 82 வெற்றி, 80 தோல்வி, கிழக்குப் பிரிவில் நான்காம் இடம். 2016-க்குப் பிறகு முதன்முறையாக பிளே-ஆஃப் (சீசன் முடிந்ததும் சிறந்த அணிகள் மட்டும் மோதும் சுற்றுகள்) வாய்ப்பு போனது. காரணம் ஜட்ஜ் மட்டும்தான் என்றால், அவர் வந்ததும் சரியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

இன்னும் பின்னால் போனால் கதை வேறு மாதிரி தெரியும். 2022-ல் இதே அணி ஜூலை 8 வாக்கில் 61-23 (61 வெற்றி, 23 தோல்வி) என்று இருந்தது. வரலாற்றிலேயே சிறந்த யாங்கீஸ் அணிகளில் இதுவும் ஒன்றோ என்று பேசினார்கள். அந்தச் சீசனை முடித்தது 99-63. அதாவது அந்தத் தேதிக்குப் பிறகு 38-40. அந்த 38-40-ஐயும் 2023-இன் 82-80-ஐயும் கூட்டிப் பாருங்கள்: 120 வெற்றி, 120 தோல்வி. 240 ஆட்டங்கள், சரிபாதி. எனக்கு இந்த ஒரு கூட்டல் போதும். 2023 ஜூனில் தொடங்கிய சரிவு என்று எல்லோரும் சொல்வது உண்மையில் 2022 ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. அப்போது அது ஏன் தெரியவில்லை என்றால், ஜட்ஜ் அந்த வருடம் 62 ஹோம் ரன் அடித்து, அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்று) சாதனையை உடைத்துக்கொண்டிருந்தார். எல்லோருடைய கண்ணும் அந்த எண்ணிக்கை மேலேயே இருந்தது. அந்த அக்டோபர் பிளே-ஆஃபில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுடன் நான்கு ஆட்டங்களையும் தோற்றபோது, நான்கிலும் சேர்த்து யாங்கீஸ் எடுத்தது ஒன்பதே ரன். முதல் ஆட்டத்தில் மட்டும் 17 ஸ்ட்ரைக் அவுட் (பந்தைச் சரியாக அடிக்க முடியாமலே அவுட் ஆவது). எச்சரிக்கை அங்கேயே வந்துவிட்டது.

சரி, நடு சீசன் சரிவு என்று வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது வெறும் துரதிர்ஷ்டமா என்பது. பேஸ்பாலில் இந்தக் கேள்விக்கு மற்ற விளையாட்டுகளைவிட மதிப்பு அதிகம். பேட்டிங் சராசரி என்பது இங்கே கிரிக்கெட் சராசரி மாதிரி அல்ல, அடிக்க வந்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் ஆனது, அதாவது அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை (ரன் எடுக்கத் தொட்டுச் சுற்றி வரும் நான்கு இடங்களில் ஒன்றை) எட்டியது, என்ற விகிதம். .250 என்றால் நான்கில் ஒன்று. நிஜமாகவே .250 திறமை உள்ள ஒருவர் நூறு முறை பேட் பிடித்தால், வெறும் தற்செயலால் மட்டுமே .207-க்கும் .293-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். மூன்றில் ஒரு முறை அந்த எல்லைக்கும் வெளியே போவார். நூறு வாய்ப்பு என்பது ஏறக்குறைய ஒரு மாதம். ஆக ஒரு தனி ஆட்டக்காரர் ஒரு மாதம் சொதப்பினால் அதில் படிப்பதற்கு அதிகம் இல்லை. தொலைக்காட்சியில் உட்கார்ந்து அவருடைய மனநிலையை ஆராய்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தற்செயலுக்குத்தான் கதை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முழு அணியும் முழு சீசனும் என்று வரும்போது அந்தச் சலுகை கிடையாது. யாங்கீஸ் அந்த வருடம் மொத்தம் சுமார் 5,300 முறை பேட் பிடித்தது. அவ்வளவு வாய்ப்புகளில் தற்செயலின் ஆட்டம் பெரும்பாலும் ஆறு புள்ளிக்குள் (ஒரு புள்ளி என்பது .001) அடங்கிவிடும், அதாவது .248 திறமை உள்ள அணி .242-க்கும் .254-க்கும் நடுவில் வரும். அந்த வருட லீக் சராசரி .248. யாங்கீஸ் .227. முப்பது அணிகளில் அதற்குக் கீழே இருந்தது, 112 ஆட்டம் தோற்ற ஓக்லண்ட் மட்டும். சம்பளப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த அணி ஹிட் அடிப்பதில் கடைசிக்கு முந்தைய இடம். இருபத்தொரு புள்ளி வித்தியாசத்தை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட முடியாது.

இன்னொன்று, அந்த வருடம் எல்லோருக்கும் பேட்டிங் கொஞ்சம் சுலபமாகியிருந்தது. 2023-ல்தான் புது விதிகள் வந்தன. உள்வளைய ஃபீல்டர்கள் இரண்டாவது பேஸுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு பேராகத்தான் நிற்க வேண்டும், மூன்று பேர் ஒரே பக்கம் போய் அடைத்துக்கொள்ள முடியாது. பந்து வீசும் பிட்சருக்கும் நேரக் கெடுவாகக் கடிகாரம் வைத்தார்கள். லீக் சராசரி .243-லிருந்து .248-க்கு ஏறியது, ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி எடுக்கும் ரன் 4.28-லிருந்து 4.62 ஆனது. யாங்கீஸோ 2022-ல் எடுத்த 807 ரன்னிலிருந்து 673-க்கு இறங்கியது. ஜூன், ஜூலை வெயிலில் பந்து இன்னும் தூரம் பறக்கும், பொதுவாக ரன்கள் கூடும் மாதங்கள் அவை. எல்லோரும் மேலே போகும்போது இவர்கள் கீழே போனார்கள். (அந்த ஜூனில் கனடாக் காட்டுத்தீயின் புகை நியூயார்க்கை மூடி, சிகாகோ வைட் சாக்ஸுடனான ஓர் ஆட்டமே ஒத்திவைக்கப்பட்டது. அதையும் காரணமாகச் சொன்ன ரசிகர்கள் உண்டு. அது நகைச்சுவைக்கு சரி.)

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் கணக்கு. 2023-ல் யாங்கீஸ் அடித்த ஹோம் ரன் 219. ஓர் அணியின் லீக் சராசரி சுமார் 195. அப்படியென்றால் ஹோம் ரன்னில் சராசரியைவிட இரண்டு டஜன் கூடுதல். ரன்களிலோ சராசரி அணி 750-ஐ ஒட்டி எடுத்திருக்க, இவர்கள் 673. கிட்டத்தட்ட 75 ரன் குறைவு. ஹோம் ரன் கூட அடித்துவிட்டு ரன் குறைவாக எடுப்பது எப்படி? ஹோம் ரன் அடிக்கும்போது பேஸில் ஆள் இல்லை, அதுதான். ஆன்-பேஸ் விகிதம், அதாவது ஹிட்டோ வாக்கோ (பிட்சர் நான்கு பந்துகளை இலக்குக்கு வெளியே போட்டதால் அடிக்காமலே முதல் பேஸ் போவது) எதன் வழியாகவோ பேஸை எட்டியவர்களின் பங்கு, லீக்கில் .320, யாங்கீஸுக்கு .304. பதினாறு புள்ளி சின்னதாகத் தெரியும். ஆனால் ஓர் அணியின் பேட்டர்கள் சீசனில் ஆறாயிரம் முறை வந்து நிற்கிறார்கள். ஆறாயிரத்தில் பதினாறு புள்ளி என்றால் பேஸை எட்டாமல் போன ஆட்கள் ஏறக்குறைய நூறு. மூன்று ரன் ஹோம் ரன்னாக இருக்க வேண்டியது ஒரு ரன் ஹோம் ரன்னாகவே முடிந்தது.

இந்த மாதிரி அணியில் ஜட்ஜின் இழப்பு இரண்டு மடங்காக வலிக்கும். அவர் ஹோம் ரன் மட்டும் அடிப்பவர் இல்லை. 2022-ல் அவருடைய ஆன்-பேஸ் விகிதம் .425. அணியில் அதிகம் பேஸை எட்டியவரும் அவரே, அப்படி எட்டியவர்களை உள்ளே கொண்டுவந்தவரும் அவரே. "பேட்டிங் வரிசையில் ஜட்ஜ் பின்னால் இருந்தால் முன்னால் இருப்பவருக்கு நல்ல பந்து கிடைக்கும், அவர் இல்லாததால்தான் மற்றவர்களும் விழுந்தார்கள்" என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். பழைய நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அந்த விளைவு மிகச் சிறியது என்றே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். எனக்கும் அந்த விளக்கத்தில் ஈடுபாடு இல்லை. மற்றவர்கள் விழுந்ததற்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் காரணம் இருந்தது.

அதில் பெரியது ஆண்டனி ரிஸ்ஸோவின் கதை. மே 28, யாங்கீ ஸ்டேடியம், எதிரணி சான் டியேகோ. முதல் பேஸில் ஃபீல்டிங் செய்த ரிஸ்ஸோ, திரும்பி ஓடிவந்த எதிரணியின் ஃபெர்னாண்டோ டடீஸ் ஜூனியரைப் பந்தோடு தொட்டு அவுட் ஆக்கப் போனபோது இருவரும் மோதினார்கள். டடீஸின் இடுப்பு ரிஸ்ஸோவின் தலையில் பட்டது. மூளை அதிர்ச்சிக்கான பரிசோதனை அப்போதே செய்தார்கள், தேறிவிட்டார். கழுத்து வலி என்று சில ஆட்டங்கள் ஓய்வு கொடுத்துத் திரும்ப இறக்கினார்கள்.

அந்த நாள் வரை அவருடைய சராசரி .304, ஹோம் ரன் 11. திரும்பி வந்த பிறகு .172, ஹோம் ரன் ஒன்றே ஒன்று. இரண்டு மாதம் இப்படியே போனது. மக்கள் வயதைச் சொன்னார்கள், ஃபார்ம் என்றார்கள், பேட் வீச்சு தாமதமாகிறது என்றார்கள். தாமதம் என்பது மட்டும் உண்மை. ஆகஸ்ட் 3 அன்றுதான், மூளை அதிர்ச்சியின் பின்விளைவு என்று சொல்லி அவரைக் காயப்பட்டியலில் சேர்த்தார்கள். தலை மந்தமாக இருந்ததாகவும், களத்தில் எத்தனை அவுட் என்பதே மறந்துபோனதாகவும் அவரே பிறகு சொன்னார். அந்தச் சீசனில் அவர் மறுபடி ஆடவில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து பிட்சரின் கையிலிருந்து பேட்டரை எட்ட ஏறக்குறைய 0.4 விநாடிதான் ஆகிறது. பேட்டை வீசுவதற்கே அதில் ஒரு நல்ல பங்கு போய்விடும், அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க மிஞ்சுவது மிகக் கொஞ்சம். அந்த இடத்தில் மூளை ஒரு கண்ணிமை நேரம் பின்தங்கினாலும் போதும், நன்றாக அடித்திருக்க வேண்டிய பந்து ஃபவுலாக (ஆட்ட எல்லைக்கு வெளியே) பின்னால் போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சாதாரண ஃபார்ம் இழப்பு மாதிரியேதான் தெரியும். ஒரு மாத எண்களை நம்பாதே என்று மேலே சொன்னேன். இங்கே அந்த விதிக்கே ஒரு விலக்கு வேண்டும்: சரிவுக்கு ஒரு தேதி இருந்தால், அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். ரிஸ்ஸோவின் எண்கள் மெல்ல மெல்ல இறங்கவில்லை, ஒரு மோதலுக்கு முன், பின் என்று இரண்டாக உடைந்திருந்தன. இத்தனை ஆய்வாளர்களை வைத்திருக்கும் அணிக்கு இதைக் கேட்க இரண்டு மாதம் ஆனது என்பதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. தேறிய பரிசோதனை ஒன்று கையில் இருந்ததால் அந்தக் கோப்பை மூடிவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

அவர் விழுந்தது மே 28, ஜட்ஜ் விழுந்தது ஜூன் 3. ஒரு வாரத்துக்குள் இரண்டு பேர். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது, இன்னொன்று யாருக்கும் தெரியவில்லை. ஜட்ஜ் இல்லாத அந்த 42 ஆட்டங்களை ஜட்ஜின் பெயரில் எழுதுகிறோம். உண்மையில் அது ஜட்ஜும் ரிஸ்ஸோவும் சேர்ந்து இல்லாத காலம். அதிலும் ரிஸ்ஸோவின் இடத்துக்கு மாற்று ஆள்கூட இல்லை, ஏனென்றால் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

மற்றவர்களுக்கு வயது. பேஸ்பாலில் முப்பதுகளின் நடுவில் பேட்டர்கள் இறங்குவது புதிதல்ல, ஆனால் இங்கே எல்லோரும் ஒன்றாக இறங்கினார்கள். ஜாஷ் டொனால்ட்சனுக்கு 37 வயது, 2015-ல் அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். அந்த வருடம் யாங்கீஸுக்காக 33 ஆட்டங்களில் .142, பத்து ஹோம் ரன். அந்த இரண்டு எண்களும் ஒரே ஆளுக்குச் சேர்வதே அபூர்வம். ஆகஸ்ட் கடைசியில் விடுவித்துவிட்டார்கள். ஜியான்கார்லோ ஸ்டான்டனுக்கு 33, 2017-ல் 59 ஹோம் ரன் அடித்தவர். ஏப்ரல் நடுவில் தொடைத் தசையில் காயம், ஜூன் 2 வரை வெளியே. முழு வருடத்துக்கும் .191, 24 ஹோம் ரன். டி.ஜே. லமேஹியு இரண்டு லீக்கிலும் சராசரிப் பட்டம் வென்றவர், 2016-லும் 2020-லும். 2022 கடைசியில் கால் விரல் காயத்தால் பிளே-ஆஃபே ஆடவில்லை. 35-ஐத் தொட்ட அந்த வருடம் .243-ல் முடித்தார், முதல் பாதி அதைவிட மோசம். இதில் ஒரு வேடிக்கை: ஸ்டான்டனும் டொனால்ட்சனும் காயத்திலிருந்து ஒன்றாகத் திரும்பியது ஜூன் 2 அன்று. ஜட்ஜ் விழுந்தது ஜூன் 3. "எல்லோரும் திரும்பிவிட்டால் சரியாகிவிடும்" என்று நிர்வாகம் நம்பிய அந்த லைன்-அப் (பேட்டிங் வரிசை) வெறும் இரண்டே ஆட்டங்கள்தான் உயிரோடு இருந்தது.

நல்ல பக்கமும் இருந்தது. கிளேபர் டோரஸ் .273, 25 ஹோம் ரன் என்று வருடம் முழுக்க நின்றார். அவர் ஒருவர்தான்.

வெளிக்களத்தின் இடது பகுதியான இடது களம் இன்னொரு ஓட்டை. 2022 டிசம்பரில் ஜட்ஜை ஒன்பது வருடத்துக்கு 36 கோடி டாலரில் தக்கவைத்தார்கள், கேப்டன் ஆக்கினார்கள். பிட்சர் கார்லோஸ் ரோடோனுக்கு 16.2 கோடி. ஆனால் இடது களத்தில் ஆடிய ஆண்ட்ரூ பெனின்டெண்டி சிகாகோவுக்குப் போனபோது, அவருக்கு ஈடாக யாரையும் எடுக்கவில்லை. கையில் இருந்த ஆரன் ஹிக்ஸையும் மே மாதமே விட்டுவிட்டார்கள். அப்புறம் ஆஸ்வால்டோ கப்ரேரா, ஜேக் பாவர்ஸ், பில்லி மெக்கின்னி, வில்லி கல்ஹூன், கைனர்-ஃபலேஃபா என்று கையில் கிடைத்தவர்களையெல்லாம் நிறுத்தினார்கள். ஜட்ஜ் ஆரோக்கியமாக இருக்கும்போது இப்படி ஓர் இடம் காலியாக இருப்பது தெரியாது. அவரும் போனால் வெளிக்களத்தில் இரண்டு இடம் காலி.

பிறகு புது ஆள் ஆண்டனி வோல்பி. 22 வயதுக்குள் யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்). ஜூன் நடுவில் சராசரி .190-க்கும் கீழே. அப்போது மைனர் லீக்கில் (மேஜர் லீக்குக்குக் கீழ்நிலை) இருந்த நண்பர் ஆஸ்டின் வெல்ஸுடன் ஓர் ஓய்வு நாளில் சிக்கன் பார்ம் (சீஸ் போட்ட கோழிக்கறி உணவு) சாப்பிட்டபடி பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்திருக்கிறார். மைனர் லீக்கில் நின்ற விதமும் இப்போது நிற்கும் விதமும் வேறு வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. பழைய நிலைக்குத் திரும்பினார், சில வாரங்கள் நன்றாக அடித்தார். அந்தக் கோழிக்கறி நியூயார்க் பத்திரிகைகளில் ஒரு வாரம் ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு உறுத்தியது வேறு: கால் எங்கே வைக்கிறார் என்பதைக் கவனிக்க அணியில் முழுநேரப் பயிற்சியாளர்கள் இருக்க, சாப்பாட்டு மேசையில் இன்னொரு ஆட்டக்காரர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வோல்பியும் சீசன் முடிவில் .209-ல்தான் நின்றார், 21 ஹோம் ரன்னும் 24 ஸ்டீலும் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது) சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் கையுறை விருதும் கூடவே வந்தாலும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் அணியின் வார்ப்பிலேயே ஒரு கோணல் இருந்தது. ஜட்ஜ், ஸ்டான்டன், டொனால்ட்சன், லமேஹியு, டோரஸ், வோல்பி, ஹாரிசன் பேடர், எல்லோரும் வலது கை. நம்பத்தக்க இடது கை பேட்டர் ரிஸ்ஸோ ஒருவரே. மேஜர் லீக்கில் பெரும்பாலான பிட்சர்கள் வலது கைக்காரர்கள், வலது கை பேட்டருக்கு அவர்களுடைய வளையும் பந்துகள் வெளியே விலகிப் போகும். அந்தச் சமயத்தில் ஸ்வீப்பர் என்ற பந்து பரவிக்கொண்டிருந்தது, பக்கவாட்டில் மிக அகலமாக விலகும் ஒருவகை வளைபந்து. 2023-ல்தான் அதற்குப் புள்ளிவிவரங்களில் தனிப் பெயரே கொடுத்தார்கள். வலது கை பிட்சர் வலது கை பேட்டருக்குப் போட்டால் அதன் கடி அதிகம். எதிரணி மேனேஜருக்கு வேலை சுலபம்: ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில் நல்ல வலது கை ரிலீவர் (ஆட்ட நடுவில் மாற்றாக வரும் பிட்சர்) ஒருவரைக் கொண்டுவந்தால் போதும், யாங்கீஸ் லைன்-அப்பில் அவர் பயப்பட யாரும் இல்லை. இதில் விநோதம் என்னவென்றால், யாங்கீ ஸ்டேடியத்தின் வலது மூலை 314 அடிதான். இடது கை பேட்டர் வலது பக்கம் இழுத்து அடிப்பதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கும் மைதானம். பேப் ரூத் காலத்திலிருந்து அந்த மூலையை நம்பித்தான் யாங்கீஸ் அணிகளைக் கட்டினார்கள். ஒரே பக்கம் அடைத்து நிற்பதைத் தடுத்த புது விதி இடது கைக்காரர்களுக்கு வழி திறந்துவிட்ட அதே வருடம், யாங்கீஸிடம் நம்பத்தக்க இடது கை ஒருவர்தான், அவருக்கும் தலையில் அடி.

பயிற்சியாளர் விஷயம் கடைசியாக. ஜூலை 9 அன்று, ஆல்-ஸ்டார் இடைவேளைக்கு (நடு சீசனில் வரும் சில நாள் ஓய்வு) போகும்போது அணி 49-42. அன்று பேட்டிங் பயிற்சியாளர் டிலன் லாசனை நீக்கினார்கள். பிரையன் கேஷ்மன் 1998 முதல் ஜெனரல் மேனேஜர், சீசன் நடுவில் ஒரு பயிற்சியாளரை நீக்கியது அதுதான் முதல் முறை. லாசன் மேஜர் லீக்கில் ஆடாதவர், தரவுகளை வைத்து வேலை செய்பவர். அவருக்குப் பதில் வந்த ஷான் கேஸி பன்னிரண்டு சீசன் ஆடி .302 சராசரி வைத்திருந்தவர், தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருந்தவர், மேனேஜர் ஆரன் பூனின் பழைய அணித்தோழர். தரவு தோற்றது, அனுபவம் வந்தது என்று தலைப்பு போடத் தோதான மாற்றம். கேஸி வந்த பிறகு யாங்கீஸ் 33-38. அவரையும் குறை சொல்ல மாட்டேன். .191-ல் அடிக்கும் 33 வயதுக்காரரின் கால்களையும், தலையில் அடிபட்டவரின் அனிச்சைச் செயலையும் எந்தப் பயிற்சியாளரால் ஜூலையில் மாற்ற முடியும்? லாசனை நீக்கியது சரிவுக்கு மருந்தே அல்ல, ஏதோ செய்தோம் என்று காட்ட வேண்டியிருந்தது.

நிஜமாக ஏதாவது செய்யக்கூடிய நாள் ஆகஸ்ட் 1, வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். அன்று யாங்கீஸ் எடுத்தது கீனன் மிடில்டன், ஸ்பென்சர் ஹவர்ட் என்ற இரண்டு பிட்சர்களை. பேட்டர் ஒருவரும் இல்லை. இதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். அந்த வருடம் பிட்சிங் பிரச்சினையே இல்லை என்று சொல்லவில்லை, ரோடோனின் முதல் வருடம் பெரும் ஏமாற்றம். ஆனால் யாங்கீஸின் கெரிட் கோல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமனதாக வாங்கிய வருடம் அது. டொமிங்கோ ஹெர்மான் ஜூன் 28 அன்று ஓக்லண்டில் ஒரு பேட்டரைக்கூடப் பேஸை எட்ட விடாமல் முழு ஆட்டம் போட்டதும் அந்தச் சரிவின் நடுவில்தான். அன்று யாங்கீஸ் அடித்தது 11 ரன், அதனால் மறுநாள் "பேட்டிங் திரும்பிவிட்டது" என்ற பேச்சு வேறு. எதிரில் இருந்தது ஓக்லண்ட்.

இதெல்லாம் பின்னால் உட்கார்ந்து சொல்வது சுலபம் என்று நினைக்கலாம். ஆனால் நிர்வாகமே அடுத்து என்ன செய்தது என்று பாருங்கள். 2023 டிசம்பரில் பாஸ்டனிலிருந்து அலெக்ஸ் வெர்டூகோவையும், சான் டியேகோவிலிருந்து ஹுவான் சோட்டோவையும் ட்ரென்ட் கிரிஷமையும் வாங்கினார்கள். மூன்று பேருமே இடது கை, மூன்று பேருமே வெளிக்களம். சோட்டோவோ வாக் வாங்குவதில் அவர் தலைமுறையிலேயே முதல் ஆள். ஆன்-பேஸ், இடது கை, வெளிக்களம், மூன்று ஓட்டையையும் ஒரே வாரத்தில் அடைத்தார்கள். 2024-ல் சோட்டோ 41 ஹோம் ரன், ஜட்ஜ் 58. அணி எடுத்தது 815 ரன், முந்தைய வருடத்தைவிட 142 கூடுதல். வெற்றி 94, இறுதிச் சுற்றான உலகத் தொடர் வரை போய் டாட்ஜர்ஸிடம் தோற்றார்கள்.

அந்த 2024-லும் நடு சீசன் சரிவு வந்தது. 50-22 என்று தொடங்கியவர்கள் அடுத்த 33 ஆட்டங்களில் பத்துதான் ஜெயித்தார்கள். ஜட்ஜும் சோட்டோவும் தவிர அடிக்க ஆள் இல்லை, ஸ்டான்டன் மறுபடி தொடைத் தசைக் காயத்தில். இந்த முறை ஜூலை 27 அன்றே மயாமியிலிருந்து ஜாஸ் சிஷமை வாங்கினார்கள், அவரும் இடது கை. யாங்கீஸுக்காக ஆடிய முதல் மூன்று ஆட்டங்களில் நான்கு ஹோம் ரன் அடித்தார்.